தண்ணீரைப் பற்றித்தான் சொன்னாள்

கூரை தகரமா ஓலையா என்றுதான் கரின் கேட்டாள். அதற்குப் பதில் சொல்லாமல் இந்தப் பெண் என் மூக்கைப் பார்க்கிறாள். இடது பக்கம், தனக்கா என்ற மரப்பட்டைப் பூச்சுக்கு அடியில், எப்போதோ தூர்ந்துபோன ஒரு துளை. மூக்குத்தியைக் கழற்றி இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தினமும் காலையில் சந்தனம் மாதிரி அந்தப் பட்டையை உரைத்துக் கன்னத்தில் பூசும்போது மூக்கின் இடது பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக அப்புவது பழக்கம். இதுவரை யாரும் கவனித்ததில்லை, சுற்றுலா அலுவலகத்தில் என்னோடு ஒரே மேஜையில் சோற்றுத்தூக்கைப் பிரிக்கிறவர்கள்கூட. பர்மியப் பெண்கள் மூக்குக் குத்திக்கொள்வதில்லை. வியர்வையில் கரைந்திருக்கும், காலையிலிருந்து நாலு வீடு ஏறி இறங்கியாயிற்று, இந்த மியோதிட்டில் நிழல் என்று சொல்ல ஒரு மரம் இல்லை. மியோதிட் என்றால் புதுநகரம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மூன்று வருஷத்துக்கு முன்பு வெறும் வயல், இப்போது கயிறு பிடித்து அளந்த மாதிரி வரிசை வரிசையாக வீடுகள், ரங்கூனில் வீடு இடிக்கப்பட்டு, அரசாங்க லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களின் வீடுகள். "கூரை என்ன போட்டிருக்கீங்க?" மறுபடியும் பர்மிய மொழியில் கேட்கிறேன், குரல் ஒழுங்காகத்தான் வருகிறது. "தகரம், பழைய வீட்டுலேர்ந்து பிரிச்சது" என்கிறாள். அதை ஆங்கிலத்தில் கரினிடம் சொல்கிறேன். கரின் சுவீடன்காரி, நகரங்கள் எப்படி மாறுகின்றன என்று ஆராய்கிறவள், இந்த நாட்டுக்குள் வர எத்தனையோ கடிதம் எழுதி, கடைசியில் பத்தே நாளுக்கு அனுமதி வாங்கி வந்திருக்கிறாள். பாயில் அவளுக்கு உட்காரத் தெரியவில்லை, முழங்கால் இரண்டும் ஒரே பக்கம் மடங்காமல் திணறுகின்றன. அவளுக்கும் இந்தப் பெண்ணுக்கும் நடுவில் ஒலிப்பதிவுப் பெட்டி, அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் வார்டு தலைவர் ஊ தௌங், குடையை முழங்காலுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு.

அவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையில் எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார், சாக்கடை வெட்டியதைக் காட்டும்போது குழந்தை மாதிரி முகம் மலர்ந்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் நாங்கள் நுழைவதற்கு முன்பு அவர் நுழைகிறார், நாங்கள் வெளியே வந்த பிறகு ஒரு நிமிஷம் உள்ளேயே இருந்துவிட்டு வருகிறார். அந்த ஒரு நிமிஷத்தில் என்ன பேசுகிறார் என்று கரின் என்னிடம் கேட்டதில்லை. அவளுடைய பையில் ரங்கூனின் பழைய வரைபடம் ஒன்று இருக்கிறது, முதல் நாள் ஓட்டலில் அதை மெத்தைமேல் விரித்து, இந்தத் தெரு எங்கே, இந்தச் சந்து எங்கே என்று விரலால் தட்டித் தட்டிக் கேட்டாள். ரயில்வே கிடங்குக்குப் பின்னால் இருந்த சந்துகளை அவள் விரல் தொட்டபோது, "பார்க்" என்றேன். இது? அதுவும் பார்க். இது? பார்க்தான் மேடம், பெரிய பார்க், நீரூற்று இருக்கிறது. அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். அந்த நீரூற்றை நான் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறேன். தண்ணீர் வராத நாளே அதிகம். எங்கள் தெருவில் வீடுகளை இடிக்கவில்லை, சாலையைப் பார்த்த சுவருக்கெல்லாம் வெள்ளையடிக்க வேண்டும் என்று மட்டும் ஒலிபெருக்கியில் சொல்லிப் போனார்கள். நானும் திடாவும் ஏணி போட்டு அடித்தோம். திடா, என் மகள், கல்லூரியை மூடிவிட்டதால் வீட்டில் சும்மா இருந்தாள், பிரஷ்ஷைக் குச்சி ஐஸ் மாதிரி பிடித்துக்கொண்டு, "அம்மா, பின்பக்கச் சுவருக்கு?" என்றாள். பின்பக்கம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். ஏன் இப்போது அந்தச் சுண்ணாம்பு வாசனை வருகிறது. இந்த வீட்டிலும் எங்கேயோ சுண்ணாம்பு இருக்கிறது, இந்தப் பெண் வெற்றிலைக்கு வைத்திருப்பாள். இன்னும் என் மூக்கைத்தான் பார்க்கிறாள்.

கரினின் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் கேட்கிறாள்: இங்கே வர உங்களுக்கு விருப்பம் இருந்ததா? எல்லா வீட்டிலும் நான் அதை, இங்கே வந்தபோது எப்படி இருந்தது என்று கேட்டுவிடுகிறேன். வந்தபோது முழங்கால் வரை தண்ணீர், பாம்பு, விளக்கில்லை, இப்போது பரவாயில்லை என்று அவர்கள் சொல்வார்கள், தலைவர் தலையாட்டுவார், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். விருப்பம் என்ற சொல்லை அவர் முன்னால் பாயில் வைத்தால் அதை யார் எடுப்பார்கள்? எடுக்காவிட்டாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு. இதைக் கரினிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வந்த புதுசுல எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிறேன். அவள் பெயர் மா சீன் என்று தலைவர் சொன்னார். என் வயதுதான் இருக்கும், கறுத்த, எலும்பு தெரிகிற கைகள், பயறு அரைத்துப் பொரித்து விற்கிறவள், விரல் நுனிகளில் எண்ணெய்ச் சூடு பட்ட தழும்புகள். மா சீன் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையைக் கையால் காட்டினாள். காட்டிக்கொண்டே தமிழில் பேசினாள்.

"அக்கா, நீங்க நம்ம ஆளுதானே. மூக்கப் பாத்தேன். மூஞ்சிய மாத்தாம கேளுங்க, நானும் சிரிச்சுக்கிட்டே சொல்றேன். எங்க வீட்டுக்காரவுகளக் கூட்டிட்டுப் போயி ரெண்டு மழை முடிஞ்சு போச்சு. வீட்ட இடிக்கணும்னு செவுத்துல செவப்பு மையில நம்பர் போட்டாக. இவுக அத மண்ணெண்ணெய் தொட்டு அழிச்சாக. அம்புட்டுத்தான் செஞ்சாக அக்கா, வேற ஒண்ணும் செய்யல. ரெண்டு பேரு வந்தாக, சும்மா பேசணும்னு கூப்பிட்டாக, சட்டைகூட மாத்த விடல. மறுநாளே லாரி வந்திருச்சு. இப்ப அவுக திரும்பி வந்தாலும் அங்கன வீடு இல்ல, பார்க்குதான் இருக்குங்கிறாக. நாங்க ஆத்தத் தாண்டி இங்கன கெடக்கோம்னு அவுகளுக்கு எப்புடித் தெரியும்? இந்த வெள்ளக்காரம்மா பெரிய ஆளுகளையெல்லாம் பாக்குமில்ல. உசுரோட இருக்காகளான்னு மட்டும் கேக்கச் சொல்லுங்க." இரண்டு கையாலும் பானையின் உயரத்தைக் காட்டினாள், ஆற்றின் பக்கம் காட்டினாள், மறுபடி பானையைக் காட்டினாள், சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை.

தமிழை அன்னியர் முன்னால் காதில் வாங்கி எத்தனை காலம். என் பெயர் வடிவாம்பாள். அதை அறிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டு பேரோ மூன்று பேரோ, மற்றவர்களுக்கு நான் டோ மியா மியா, பர்மியப் பெண், திடா பர்மியத் தாய்க்கும் பர்மியத் தந்தைக்கும் பிறந்தவள், அவளுடைய அடையாள அட்டை இன்னும் வரவில்லை, தாய் இந்தியர் என்று தெரிந்தால் வரவே வராது. "என்ன சொல்றா?" தலைவரின் குரல். குடை முழங்காலிலிருந்து கீழே இறங்கித் தரையில் ஊன்றியிருக்கிறது. "சயாமாவுக்கு அந்தப் பாஷை தெரியுமா?" ஆங்கிலம் தெரிந்தவள் என்பதால் என்னை டீச்சர் என்கிற மரியாதையோடு சயாமா என்றுதான் கூப்பிடுகிறார். தெரியாது என்று சொல்லிவிடலாம். எவ்வளவு சுலபம், தெரியாது, ஒரே சொல். சொன்னால் கடைத்தெருவில் தையல்காரர் ஒருவர் இருக்கிறார், காலையில் தலைவரே காட்டினார், அவரும் கலாதான் என்று. கலா என்றால் இந்தியர் எல்லோரும், அவர்கள் நிறமும் சேர்த்து. அவரைக் கூப்பிட்டு அனுப்புவார். அவர் பயந்து, ஒரு சொல் விடாமல் அப்படியே சொல்லிவிடுவார். "கொஞ்சம் தெரியும், சின்ன வயசுல பக்கத்து வீட்டுக்காரங்க பேசிக் கேட்டது" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள். என் அப்பா கப்பல்துறையில் மூட்டை எண்ணியவர், ராத்திரி வந்ததும் திருநீறு பூசிக்கொண்டு சாப்பிட உட்காருவார், அவர் பக்கத்து வீட்டுக்காரர். "தண்ணியப் பத்திச் சொல்றா. பழைய இடத்துல ஆத்துத் தண்ணி, உப்பு. இங்க கிணத்துத் தண்ணி இனிப்பா இருக்காம். பானை நிறைய பிடிச்சு வெச்சுக்கிறாளாம்." தலைவர் என்னைப் பார்த்தார். "இவ்வளவு நேரம் பேசினாளே, தண்ணி மட்டும்தானா?" நான் சிரித்தேன். என் வாய் தானாகச் சிரித்தது. "அவங்க பாஷை அப்படித்தான் தலைவரே, நாம ஒரு வார்த்தையில சொல்றத அவங்க சுத்திச் சுத்திச் சொல்லுவாங்க" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

அவங்க என்றேன். அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், பர்மிய மொழி அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், பயறு விற்கிறவளுக்குத் தெரியாத பர்மியமா. புருஷனைக் கேட்டவளுக்குக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்ததை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு என்ன சொல்லியிருக்கலாம், வேறு என்ன, பானையைக் காட்டியது அவள்தானே, அந்தப் பொய்யை அவளே என் கையில் எடுத்துக் கொடுத்தாள், நான் வாங்கிக்கொண்டேன், அதில் தப்பில்லை. ஆனால் அவங்க என்று அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. சுத்திச் சுத்தி என்று அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அதை நானே போட்டேன், ஒரு பிடி சர்க்கரை மாதிரி, தலைவர் விழுங்க வேண்டும் என்று. "தண்ணியா?" தலைவர் அவளையே கேட்கிறார், விளையாட்டாகத்தான். மா சீன் அவரைப் பார்த்துக் கைகுவித்து, பர்மிய மொழியில், "ஆமா தலைவரே. தண்ணியத்தான் சொன்னேன்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. "அது என்ன மொழி?" என்று கரின் ஆங்கிலத்தில் கேட்டாள். ஏதோ இந்திய மொழி, தண்ணீர் வசதியைப் பற்றி என்றேன். குழாயா கிணறா என்றாள். கிணறு. எத்தனை வீட்டுக்கு ஒரு கிணறு? கேட்டேன், சொன்னாள், சொன்னேன். சமையலுக்கு விறகா கரியா. வேலைக்குப் போக எவ்வளவு நேரம். கேட்டேன், சொன்னாள், சொன்னேன். சட்டைகூட மாத்த விடல. கழிப்பறை தனியா பொதுவா. சட்டைகூட மாத்த விடல. எந்தச் சட்டை போட்டிருந்தார், வீட்டில் இருக்கும்போது போடுகிற கிழிசல் சட்டையா, அதுதான் அவளுக்கு இரண்டு மழையாக உறுத்துகிறதா? பொது, இரண்டு வரிசைக்கு ஒன்று.

முடிந்தது என்று கரின் பெட்டியை நிறுத்தினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. அந்த விளக்கு அணைந்த பிறகுதான் அது எரிந்துகொண்டிருந்ததே எனக்கு உறைத்தது. எல்லாம் அதற்குள் இருக்கிறது. மண்ணெண்ணெய் தொட்டு அழித்தது, ரெண்டு பேரு வந்தது, எல்லாம் அவள் குரலில், அதை அடுத்து என் குரலில் தண்ணீர். தலைவர் எழுந்து நின்று குடையை அக்குளில் செருகிக்கொண்டார். "சயாமா, அம்மாகிட்ட சொல்லுங்க, அந்த கேசட் இன்னிக்கு நம்மகிட்ட இருக்கட்டும். டவுன்ஷிப் ஆபீஸ்ல ஒருதடவை கேட்டுட்டு நாளைக்கு ஓட்டலுக்கே அனுப்பிடுவாங்க. முறைக்குத்தான்." கரின் என்னைப் பார்த்துப் புன்னகை செய்கிறாள், மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கிறாள். கேட்டால் கொடுத்துவிடுவாள். அதில் கிணறும் கழிப்பறையும்தானே இருக்கிறது, நான்தானே அப்படிச் சொன்னேன். அவளுக்கு உண்மை தெரிந்திருந்தால் அப்போதே கேசட்டை மாற்றியிருப்பாள், ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பாள். காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய் மா சீனைப் பிடித்துக் கொடுக்கப்போகிறது. டவுன்ஷிப் ஆபீஸில் தமிழ் தெரிந்தவர் இல்லாமலா இருப்பார். தலைவருக்கு எவ்வளவு ஆங்கிலம் வரும்? வெல்கம் என்றார் காலையில். தேங்க்யூ என்றார். ஹஸ்பெண்ட் தெரியுமா, போலீஸ் நிச்சயம் தெரியும், டேப் தெரியும். இரண்டு கையையும் லுங்கி மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

தலைவர் சொன்னதைச் சொல்கிற அதே மரியாதைக் குரலில், அவர் பக்கம் லேசாகத் தலைகுனிந்தபடி, ஆங்கிலத்தில் சொன்னேன். எளிய சொற்களை எல்லாம் விலக்கினேன், பள்ளிக்கூடத்தில் பாதிரியார் கற்றுக்கொடுத்த நீளமான, யாரும் பேசாத சொற்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். இந்தப் பதிவை அவர் வாங்கிக்கொள்ள விரும்புகிறார். தயவுசெய்து புன்னகையை மாற்ற வேண்டாம். சற்று முன் அந்தப் பெண்மணி உரைத்தது தண்ணீரைக் குறித்தல்ல. அவளுடைய வாழ்க்கைத்துணைவர் அகற்றப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதை உங்களிடமிருந்து மறைத்தவள் நான். பதிவைச் செவிமடுக்கிறவர்கள் அவளையும் அகற்றுவார்கள். முடிவு உங்களுடையது. தலைவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார், தான் சொன்னதைத்தான் இவ்வளவு நயமாகச் சொல்கிறேன் என்று. கரினின் புன்னகை மாறவில்லை. கழுத்தில் மட்டும் ஒரு சிவப்பு ஏறி, காது வரை போயிற்று. பாயில் உட்காரத் தெரியாத, கேள்விகளை வரிசை மாறாமல் கேட்கிற, எதையும் உள்ளபடி நம்புகிற இந்தப் பெண்ணை வந்த நாளிலிருந்து ஒரு குழந்தையை மேய்ப்பது போல மேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னாள், "தாராளமாக. ஆனால் இந்தப் பகுதியைக் கட்டியவர் அவர். அவர் குரல் இல்லாமல் எடுத்துப்போனால் என் நாட்டில் என்னைக் கேலி செய்வார்கள். மறுபக்கம் காலியாக இருக்கிறது. அவர் பேசுவாரா என்று கேள்." சொல்லிக்கொண்டே கேசட்டை வெளியே எடுத்தாள், கையில் ஒருமுறை திருப்பினாள், இன்னொரு முறை திருப்பினாள், உள்ளே போட்டு மூடி, முதலுக்குச் சுற்றவிட்டாள். அதே பக்கம். நான் பார்த்தேன். மா சீன் பார்த்ததை நான் பார்த்தேன்.

தலைவர் மறுபடி உட்கார்ந்தார். தலையைக் கையால் படிய வாரிக்கொண்டார். "சுவீடன்ல கேப்பாங்களா?" என்றார். கேட்பார்கள் என்றேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சாக்கடை பற்றிச் சொன்னார். சாலைக்குக் கொட்டிய செம்மண் பற்றி, நாட்டைக் கட்டுவதில் மக்கள் காட்டிய ஒற்றுமை பற்றி. நான் வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னேன், முடிந்தவரை நீட்டிச் சொன்னேன். அவள் பேசியது நடுவில் எங்கேயோ இருக்கிறது. இவர் அதுவரை போய்ச் சேர வேண்டும். செம்மண் முடிந்ததும் அவருக்குச் சொல் தீர்ந்துவிட்டது. "அவ்வளவுதான்" என்றார். கரின் பெட்டியில் ஓடுகிற சின்ன எண்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடம் பற்றிச் சொல்லுங்கள் தலைவரே என்றேன். சொன்னார். சந்தை? சொன்னார். வியர்த்துவிட்டது அவருக்கு, யாரும் அவரை இவ்வளவு நேரம் பேசச் சொல்லிக் கேட்டதே இல்லை போலிருக்கிறது, நடுவில் தன் மகன் இந்த வயல் சேற்றில் காய்ச்சல் வந்து செத்ததைச் சொல்ல ஆரம்பித்து, அது வேண்டாம் என்று கையை அசைத்தார். மொழிபெயர்க்க வேண்டாமா என்றேன். வேண்டாம் என்றார். பிறகு பேசாமல் இருந்தார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்குக் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. அப்போது மா சீன் எழுந்தாள். பானையில் தண்ணீர் மொண்டு அலுமினியக் குவளையை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். "ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நட்டாங்களே தலைவரே, அதைச் சொல்லலியே. பெரிய ஆபீசரெல்லாம் வந்தாங்களே" என்றாள். அவர் குடித்தார், உதட்டைத் துடைத்தார், ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னார். எந்த அதிகாரி எந்த வண்டியில் வந்தார், யார் மாலை போட்டது. மா சீன் பானைக்குப் பக்கத்திலேயே நின்று, அவர் எதையாவது விட்டால் எடுத்துக் கொடுத்தாள். வெற்றுக் கல்தான் அது, காலையில் பார்த்தோம், அதன்மேல் ஆடு நின்றது. அவள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவர் சொல்லிக்கொண்டே போனார். அவர் குரலுக்கு அடியில் அவள் குரல் ஒவ்வொரு விரற்கடையாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கரின் போதும் என்று தலையசைத்தபோது மா சீனின் கண்ணும் பெட்டியின் மேல்தான் இருந்தது. கேசட்டைக் கரின் தன் கையாலேயே தலைவரிடம் கொடுத்தாள். படியிறங்கும்போது நான் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்க்கவும் இல்லை.

படகில் அரசாங்கக் காரை ஏற்றியதும் டிரைவர் வெற்றிலை போட இறங்கிப் போனார். கரினும் நானும் எஞ்சினுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த இரைச்சலில் நம் பேச்சு நமக்கே கேட்பது கஷ்டம். "இப்போது சொல்" என்றாள். சொன்னேன். மா சீன் சொன்ன வரிசையிலேயே, எதையும் மாற்றாமல், சுருக்காமல். மை, மண்ணெண்ணெய், சட்டை, லாரி, பார்க். நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும். உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் கேட்கச் சொன்னதையும் சொன்னேன். தூதரகத்தில் தனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், கைதிகளைப் பற்றிக் கேட்கிற சங்கம் ஒன்று ஜெனீவாவில் இருக்கிறது, எழுதிவைத்துக்கொள்ள மாட்டேன், மனதிலேயே கொண்டுபோவேன் என்றாள் கரின். "அவர் பெயர் என்ன?"

வாயைத் திறந்தேன். எங்க வீட்டுக்காரவுக. இவுக. அவுக. தொடக்கத்திலிருந்து கடைசி வரை மறுபடி ஓட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு சொல்லும் இருந்தது, பெயர் இல்லை. அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள், தாலி கட்டியவன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசுக்கு ஆகாது என்று வளர்ந்தவள், உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கும்போதா சொல்வாள். அந்த வழக்கத்தைக் கரினுக்குச் சொல்ல முயன்றேன், பாதியில் விட்டுவிட்டேன். "தெரியாது" என்றேன். அவளுடைய பெயர்? மா சீன். மா சீன் என்பது என் மியா மியா மாதிரி. அவளுடைய பெயரும் தெரியாது. கரின் கம்பியை இறுகப் பிடித்தாள். "பெயர் இல்லாமல் நான் யாரைக் கேட்பது?" அவள் விமானம் புதன்கிழமை. மறுபடி போய்க் கேட்கலாம் என்றால், அந்த வீட்டு வரிசையில் எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள், புதிதாக ஒருத்தி வந்தால் சாயங்காலத்துக்குள் தலைவருக்குத் தெரிந்துவிடும், அதுவும் என்னை அவர் மறக்க மாட்டார், என்னிடம்தான் இவ்வளவு பேசியிருக்கிறார். திடாவின் அட்டை வரட்டும், அதற்குப் பிறகு போகலாம். அட்டை எப்போது வரும். அதற்குள் இன்னொரு மழை வந்துவிடும். பயறு வாங்க வந்தேன் என்று சொல்லலாம், யாராவது அதற்காக ஆற்றைத் தாண்டி வருவார்களா, உறவு என்றுதான் சொல்ல வேண்டும், உறவு என்று சொன்னால் பிறகு மியா மியா இல்லை. எஞ்சின் சத்தம் குறைந்து, படகு துறையில் இடித்து நின்றது. டிரைவர் எங்களைத் தேடிக்கொண்டு வருவது தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை போயி கேட்டுட்டு வர்றேன்" என்றேன்.

கரின் புரியாமல் என்னைப் பார்த்தாள். தமிழில் சொல்லியிருக்கிறேன். டிரைவர் வருவதற்குள் அதையே ஆங்கிலத்தில் இன்னொரு முறை சொன்னேன்.